உலாவைக் காண்பவளும் உலாவைப் பதிபவளும்: ஹோமாய் வியாரவாலாவின் ஒளிப்பட வாழ்வும் பணியும்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவின் முதல் பெண் இதழியல் ஒளிப்படக் கலைஞர் எனப் போற்றப்படுபவர் ஹோமாய் வியாரவாலா (1913–2012). ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பம்பாய், தில்லி ஆகிய நகரங்களின் தெருக்களிலும் பொது இடங்களிலும் நின்று படம் பிடித்த இவருடைய வாழ்வையும் பணியையும் இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ் உலா இலக்கியம் தெருவில் பெண்ணுக்கு வகுத்த இடம் எது, ஒளிப்படக் கருவி அவ்விடத்தை எவ்வாறு மாற்றியது, எடுத்தவர் பெயர் படத்திலிருந்து எவ்வாறு பிரிந்து போகிறது ஆகிய மூன்று வினாக்கள் இங்கு ஆராயப்படுகின்றன. தமிழகச் சிற்றூர்களின் ஒளிப்பட ஆவணங்களைத் தொகுப்பதற்கு இவ்வாய்வு தரும் படிப்பினைகளும் இறுதியில் சுட்டப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: தெரு ஒளிப்படக்கலை, உலா, பெண் பார்வை, ஆசிரியத்துவம், ஆவணக்காப்பு.

1. முன்னுரை

ஒளிப்படக்கலையின் வகைகளுள் தெரு ஒளிப்படக்கலை தனித்தன்மை உடையது. கலைஞர் ஒளியமைப்பையோ பின்புலத்தையோ ஆயத்தம் செய்வதில்லை. படத்தில் இடம்பெறுவோரை நிறுத்தி வைத்து அறிவுரை கூறுவதுமில்லை. பொது இடத்தில் தாமாக நிகழும் ஒன்றை, அது கலைந்து போவதற்குள் பதிவு செய்வதே இக்கலை. ஆகவே இதற்கு முதல் தேவை கருவியன்று. தெருவில் காரணமின்றி நிற்கவும் நடக்கவும் காத்திருக்கவும் உள்ள உரிமையே முதல் தேவை. அவ்வுரிமை ஆணுக்கு இயல்பாகவும் பெண்ணுக்கு அரிதாகவும் கிடைத்த சமூகத்தில் ஒரு பெண் இக்கலையில் நிலைபெற்றது எவ்வாறு என்பது வரலாற்று முதன்மை உடைய வினாவாகும்.

ஹோமாய் வியாரவாலா பெரும்பாலும் இதழியல் ஒளிப்படக் கலைஞராகவே அறியப்படுகிறார். அவர் செய்த பணிகளுட் பல, நிகழ்ச்சிகளைப் பதிவதற்காக ஒப்படைக்கப்பட்டவை. ஆயினும் அவருடைய முறை தெரு ஒளிப்படக் கலைஞருடையது. கூட்டத்தின் ஓரத்தில் நின்று காத்திருத்தல், படமாக்கப்படுவோர் தம்மை மறந்திருக்கும் நொடியைத் தேர்தல், சடங்கின் நடுவே வெளிப்படும் மனித இயல்பைக் காணுதல் ஆகியன அவர் படங்களின் அடிப்படைகளாக அமைகின்றன. இக்காரணம் பற்றியே அவர் இக்கட்டுரையில் தெரு ஒளிப்படக்கலையின் நோக்கில் அணுகப்படுகிறார்.

2. தெருவும் பெண்ணின் பார்வையும்: உலா காட்டும் முன்வடிவம்

தெருவில் நிற்கும் பெண்ணின் பார்வை தமிழ் மரபுக்குப் புதியதன்று. சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்றான உலா, அப்பார்வையையே அடித்தளமாகக் கொண்டது. பாட்டுடைத் தலைவன் வீதியில் பவனி வருகிறான். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்னும் ஏழு பருவ மகளிர் அவனைக் கண்டு காதல் கொள்கின்றனர். சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கயிலாய ஞான உலா 'ஆதியுலா' எனச் சிறப்பிக்கப்படுவது. ஒட்டக்கூத்தரின் மூவருலா சோழ மன்னர் மூவரின் பவனியைப் பாடுவது.

உலாவில் பெண் காண்கிறாள் என்பது உண்மை. ஆனால் அவளுடைய காட்சி தலைவனின் பெருமையை நிறுவுவதற்கான சான்றாகவே பயன்படுகிறது. அவள் கண்டதை அவளே சொல்வதாக நூல் அமைவதில்லை. கண்டதனால் அவள் மெலிந்ததை, வளை நெகிழ்ந்ததை, மயங்கியதைப் புலவரே எடுத்துரைக்கிறார். காண்பவள் அவள், பதிவு செய்பவர் வேறொருவர். இலக்கிய மரபில் தெருவில் நிற்கும் பெண்ணுக்குப் பார்வை வழங்கப்பட்டது. அப்பார்வையின் ஆசிரியத்துவம் வழங்கப்படவில்லை.

இலக்கிய மரபின் மற்றொரு கருத்தாகிய 'அலர்' என்பதும் இங்கு எண்ணத்தக்கது. பெண்ணின் களவொழுக்கம் ஊரார் வாய்ப்பட்டால் அலர் எழும் என்பது அகத்திணை மரபு. தெருவில் காண்போர் பலர். காணப்படுபவள் ஒருத்தி என்பதே அதன் உள்ளமைப்பு. ஊர் தன்னைப் பார்க்கிறது என்னும் உணர்வு பெண்ணின் நடமாட்டத்தை வரையறுத்தது. ஒளிப்படக் கருவியை ஏந்திய பெண் இவ்வமைப்பைத் திருப்பி வைக்கிறாள். ஊர் அவளைப் பார்க்கும். அவளும் ஊரைப் பார்த்துப் பதிவு செய்வாள். ஹோமாயின் பணியை இந்நோக்கில் காணும்போது அதன் பொருள் மேலும் தெளிவாகிறது.

3. அகத்திலிருந்து புறத்திற்கு: பெண் ஒளிப்படக்கலையின் தொடக்கம்

இந்தியாவில் ஒளிப்படக்கலை பரவிய 19ஆம் நூற்றாண்டில் பெண்களுக்கு அக்கலையில் கிடைத்த முதல் இடம் வீட்டின் உட்பகுதியே. அந்நிய ஆடவர் முன் தோன்றாத உயர்குடி மகளிரைப் படம் எடுக்கப் பெண் கலைஞர் தேவைப்பட்டனர். புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் லாலா தீனதயாள் 1892இல் ஹைதராபாத்தில் மகளிர்க்கெனத் தனி ஒளிப்பட நிலையம் ஒன்றைத் தொடங்கினார். ஆங்கிலப் பெண்மணி ஒருவர் அதனை நடத்தினார். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கல்கத்தாவில் அன்னபூர்ணா தத்தா (1894–1976) வீடுகளுக்குச் சென்று படம் எடுப்பதைத் தொழிலாகக் கொண்டு வாழ்ந்தார்.

இவர்களின் பணி பெண்களின் பொருளியல் தற்சார்புக்கு வழிகோலியது. எனினும் கருவி அகத்திற்குள்ளேயே இயங்கியது. திரைக்குப் பின்னால் உள்ள பெண்ணைத் திரைக்குப் பின்னாலேயே வைத்துப் படம் எடுக்க மற்றொரு பெண் தேவைப்பட்டாள் என்பதே அதன் அடிப்படை. தெரு, ஊர்வலம், பொதுக்கூட்டம், சட்டமன்றம் ஆகியன ஆடவர் கருவிக்கு உரியனவாகவே இருந்தன. இந்த எல்லையைத் தம் தொழிலாலேயே கடந்தவர் ஹோமாய்.

4. வாழ்க்கைப் பின்புலம்

ஹோமாய் 1913 டிசம்பர் 9 அன்று, அக்காலப் பரோடா அரசின் பகுதியாக இருந்த நவ்சாரியில், பார்சிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்திய பார்சி நாடகக் குழு ஒன்றின் நடிகர். நாடகக் குழுவோடு இடம்பெயர்ந்த குடும்பம் பின்னர்ப் பம்பாயில் நிலைகொண்டது. வசதியற்ற சூழலிலும் ஹோமாய் கல்வியைத் தொடர்ந்தார். சர் ஜே. ஜே. கலைப்பள்ளியில் ஓவியம் பயின்றார். சட்டகத்திற்குள் உருவங்களை இடம்பெறச் செய்யும் அறிவு அங்கு அவருக்கு வாய்த்தது.

பதின்மூன்று வயதில் மானெக்‌ஷா வியாரவாலாவை அவர் சந்தித்தார். பத்திரிகை நிறுவனம் ஒன்றில் கணக்கராகப் பணியாற்றிக்கொண்டே ஒளிப்படம் எடுத்து வந்தவர் மானெக்‌ஷா. கருவியைக் கையாளுதல், படச்சுருளைக் கழுவுதல், இருட்டறையில் பிரதி எடுத்தல் ஆகியவற்றை அவரிடமே ஹோமாய் கற்றார். கல்லூரிப் பருவத்தில் மகளிர் சிற்றுலா ஒன்றை அவர் எடுத்த படங்கள் 'பாம்பே கிரானிக்கிள்' இதழில் வெளிவந்தன. படம் ஒன்றுக்கு ஒரு ரூபாய் கிடைத்தது. உடன் பயின்ற மாணவியரையும் நகரின் அன்றாட வாழ்க்கையையும் அவர் தொடர்ந்து படமாக்கினார். நவீன உடையும் துணிவான நிற்கையும் கொண்ட இளம் பெண்கள் அப்படங்களில் காணப்படுகின்றனர். ஒரு பெண் மற்றொரு பெண்ணை அகத்தின் திரைக்கு வெளியே, ஒளி நிறைந்த பொது வெளியில் கண்ட பதிவுகள் இவை.

1941இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். 1942இல் பிரிட்டிஷ் தகவல் சேவையின் பணிக்காகத் தில்லிக்குக் குடிபெயர்ந்தனர். அப்பணியோடு இதழ்களுக்குத் தனித்துப் படம் எடுத்துத் தரவும் ஹோமாய்க்கு வாய்ப்பு இருந்தது. அவர் எடுத்த படங்களுள் சில 'டால்டா 13' என்னும் புனைபெயரில் வெளிவந்தன. பிறந்த ஆண்டு 1913; கணவரைச் சந்தித்த வயது 13; தில்லியில் வாங்கிய மகிழுந்தின் பதிவெண் டி.எல்.டி. 13. இம்மூன்றும் இணைந்து அப்பெயர் உருவாயிற்று.

5. பெயரும் படமும்: ஆசிரியத்துவச் சிக்கல்

இரண்டாம் உலகப்போரின் தொடக்கக் காலத்தில் 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி ஆஃப் இந்தியா' இதழுக்கு ஹோமாய் படங்கள் அளிக்கத் தொடங்கினார். அவர் அறிமுகமற்றவர், அதிலும் பெண் என்பதால் தொடக்க காலப் படங்கள் கணவரின் பெயரில் வெளியிடப்பட்டன. தெருவில் நின்று கண்டவர் ஒருவர். அச்சில் கண்டவராக அறிவிக்கப்பட்டவர் மற்றொருவர். உலா இலக்கியத்தில் காணப்பட்ட பிரிவு புதிய ஊடகத்திலும் தொடர்ந்தமையை இங்குக் காணலாம்.

இச்சிக்கலை இதழாசிரியர்களின் மனநிலையோடு மட்டும் நிறுத்திவிட இயலாது. அக்காலச் சட்டமும் படத்தின் ஆசிரியரைக் கண்ணோடு இணைக்கவில்லை. பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1914ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தின் வழியே இங்கு நடைமுறையில் இருந்தது. அதன்படி, நெகட்டிவ் உருவான வேளையில் அதன் உரிமையாளர் யாரோ அவரே ஒளிப்படத்தின் ஆசிரியராகக் கருதப்பட்டார். அதாவது படச்சுருளை உடைமையாகக் கொண்டவரே படைப்பாளி. கருவியும் படச்சுருளும் விலைமிகுந்தவையாக இருந்த காலத்தில், சொந்தச் சொத்து வைத்திருப்பது பெண்ணுக்கு அரிதாக இருந்த காலத்தில், இவ்விதி யாருடைய பெயரை நிலைநிறுத்தும் என்பது வெளிப்படை.

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இந்நிலையை மாற்றியது. படத்தை எடுப்பவரே அதன் ஆசிரியர் என அது வரையறுத்தது. படைப்பின் மீது தம் ஆசிரியத்துவத்தைக் கோரும் தனியுரிமையும் அச்சட்டத்தின் 57ஆம் பிரிவில் இடம்பெற்றது. ஹோமாய் பணியாற்றிய முப்பது ஆண்டுகளின் முற்பகுதி பழைய சட்டத்தின் கீழும் பிற்பகுதி புதிய சட்டத்தின் கீழும் அமைந்தன. உடைமையிலிருந்து பார்வைக்கு ஆசிரியத்துவம் இடம்பெயர்ந்த காலமும் அவருடைய பெயர் படங்களின் கீழ் நிலைபெற்ற காலமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பது கருதத்தக்கது. ஒன்று மற்றொன்றின் நேரடி விளைவு என்பதற்கில்லை. ஆயினும் இரண்டும் ஒரே சமூக மாற்றத்தின் இரு முகங்கள் எனலாம்.

6. கருவியும் உடலும்

ஹோமாய் பயன்படுத்திய கருவிகளுள் ஸ்பீட் கிராஃபிக், ரோலைஃபிளெக்ஸ் ஆகியன குறிப்பிடத்தக்கவை. இவ்விரண்டின் இயக்கத்தை அறிவது அவருடைய பார்வை முறையை அறிய உதவும்.

ஸ்பீட் கிராஃபிக் எடை மிகுந்த கருவி. நான்குக்கு ஐந்து அங்குல அளவுள்ள தனித் தகட்டுச் சுருளை அதில் இட வேண்டும். ஒரு தாங்கியில் இரண்டு சுருள்களே இருக்கும். ஒவ்வொரு படத்திற்குப் பின்னும் தாங்கியைத் திருப்பவோ மாற்றவோ வேண்டும்; மின்னொளிக் குமிழையும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். எடுத்த படத்தை உடனே பார்க்கவும் இயலாது. எனவே பல படங்களை எடுத்து அவற்றுள் சிறந்ததைத் தேர்வது இயலாத செயல். நிகழ்வு உச்சம் பெறும் நொடியை முன்னறிந்து காத்திருப்பதே ஒரே வழி.

ரோலைஃபிளெக்ஸ் 1929இல் ஜெர்மனியில் அறிமுகமான இரட்டைக் கண்ணாடிக் கருவி. மேலுள்ள வில்லை காண்பதற்கும் கீழுள்ள வில்லை பதிவதற்கும் பயன்படும். ஒரு சுருளில் ஆறு சென்டிமீட்டர் சதுர அளவில் பன்னிரண்டு படங்கள் கிடைக்கும். கருவியை முகத்திற்கு நேரே உயர்த்தாமல் இடுப்பு அல்லது மார்பு அளவில் தாங்கி, குனிந்து மேற்புறக் கண்ணாடியில் காட்சியைக் காண வேண்டும். அக்காட்சி இடம் வலமாக மாறித் தோன்றும். இந்த அமைப்பு தெருவில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு வகையில் துணையாயிற்று. எதிரில் இருப்போரை நேருக்கு நேர் நோக்காமலேயே அவர்களைக் காணலாம். கண்ணை மறைத்து முகத்தின்முன் நீட்டப்படும் கருவி எழுப்பும் கூச்சம், குனிந்த தலையோடு நிற்பவர் முன் எழுவதில்லை. பெண் தலை குனிந்திருக்க வேண்டும் என்று சமூகம் விதித்த நிலையே அவள் உலகைக் கூர்ந்து காணும் நிலையாக மாறிய முரணை இங்குக் காணலாம்.

சேலை உடுத்து, மிதிவண்டியில் கருவிகளுடன் தில்லியின் வீதிகளில் சென்று படம் எடுத்தவர் ஹோமாய். பெண் என்பதால் தம்மை யாரும் பொருட்படுத்தவில்லை. அதனாலேயே இடையூறின்றிச் சிறந்த படங்களை எடுக்க முடிந்தது என்னும் பொருள்பட அவர் கூறியுள்ளார். ஒரு புறக்கணிப்பை அவர் தம் தொழிலின் நுட்பமாக மாற்றிக்கொண்டார். எனினும் இதனைப் புறக்கணிப்பின் பயனாகக் கொள்வது பிழையாகும். பொருட்படுத்தப்படாத அதே காரணத்தால்தான் அவருடைய பெயரும் தொடக்கத்தில் அச்சேறவில்லை. கருவிக்கு முன்னால் நன்மையாக இருந்தது, அச்சுக்கூடத்தில் இழப்பாயிற்று.

7. தில்லித் தெருக்கள்: பவனியும் பதிவும்

ஹோமாயின் தில்லிப் படங்கள் விடுதலையை ஒட்டிய காலத்தின் முதன்மையான காட்சி ஆவணங்களாகும். 1947 ஜூன் மாதம் பிரிவினைத் திட்டத்தை ஏற்கக் காங்கிரஸ் தலைவர்கள் கைகளை உயர்த்தி வாக்களித்த கூட்டத்தை அவர் படம் எடுத்தார். 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் வெளியே மக்கள் வெள்ளத்தின் நடுவே மவுண்ட்பேட்டன் வந்த காட்சி, 1948 ஜூன் மாதம் அவர் இந்தியாவை விட்டுப் புறப்பட்ட காட்சி, காந்தியடிகள், நேரு, லால் பகதூர் சாஸ்திரி ஆகியோரின் இறுதிச் சடங்குகள் ஆகியன அவருடைய கருவியில் பதிவாயின.

இவையனைத்தும் ஒருவகையில் பவனிகளே. தலைவன் வருகிறான், மக்கள் கூடி நிற்கின்றனர், தெரு நிகழ்விடமாகிறது. ஆனால் உலாவில் மயங்கி நிற்பவள் இங்கு இல்லை. கூட்டத்தோடு உணர்வில் கலந்தும் தொழிலில் விலகியும் நிற்கும் ஒருவரே இருக்கிறார். மவுண்ட்பேட்டனைக் காட்டும் படத்தில் அவரைவிட அவரைச் சூழ்ந்த மக்களே சட்டகத்தை நிறைக்கின்றனர். தலைவனின் புகழுக்குக் கூட்டம் சான்றாவது உலாவின் நெறி. கூட்டத்தின் வரலாற்றுக்குத் தலைவன் சான்றாவது ஹோமாயின் நெறி.

நேருவின் படங்கள் அவருடைய பணியில் தனியிடம் பெறுவன. புறாவைப் பறக்கவிடும் நேரு, விமான நிலையத்தில் தங்கை விஜயலட்சுமி பண்டிட்டைத் தழுவி வரவேற்கும் நேரு, விமானத்தில் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரின் மனைவிக்குச் சிகரெட் பற்ற வைக்கும் நேரு, ஒளிப்படம் எடுக்கத் தடை என்னும் அறிவிப்புப் பலகையின் அருகில் நிற்கும் நேரு ஆகிய படங்கள் பெரிதும் அறியப்பட்டவை. இவற்றுள் இறுதியாகச் சுட்டிய படம் ஒளிப்படக்கலை பற்றியே ஒளிப்படம் செய்த நகைச்சுவை எனலாம். ஆட்சியின் தலைவர் தடையின் அருகில் நிற்கிறார். தடையை மீறியவரின் கருவியே அதனைக் காட்டுகிறது. தலைவரைச் சிலையாக்காமல் மனிதராகக் கண்ட பார்வை இது.

1956இல் தலாய் லாமா நாதுலா கணவாய் வழியாக முதன்முறை இந்தியாவுக்குள் வந்தபோது, 'லைஃப்' இதழுக்காக ஹோமாய் சிக்கிம் சென்று படம் எடுத்தார். ஹோ சி மின், இரண்டாம் எலிசபெத் அரசி, ஜாக்குலின் கென்னடி ஆகியோரின் இந்திய வருகைகளையும் அவர் பதிவு செய்தார். உலாவின் இறுதிப் பருவமாகிய பேரிளம்பெண் பருவத்தைப் பாட்டியல் நூல்கள் நாற்பது வயதோடு நிறைவு செய்கின்றன. அவ்வயதைக் கடந்த பின்னரே ஹோமாய் இமயக் கணவாய்க்குப் பயணம் மேற்கொண்டார் என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

பதிவானவற்றோடு பதிவாகாத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளின் பிரார்த்தனைக் கூட்டத்திற்குப் புறப்பட்ட ஹோமாயை, மறுநாள் சேர்ந்து செல்லலாம் எனக் கணவர் திரும்ப அழைத்தார். அன்று மாலையே காந்தியடிகள் சுட்டுக்கொல்லப்பட்டார். அங்கு இல்லாமற்போனது தம் தொழில் வாழ்வின் பெரிய வருத்தம் என ஹோமாய் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். தெரு ஒளிப்படக்கலையில் 'அங்கு இருத்தல்' என்பதே முதல் அறிவு. அதன் இழப்பை எந்தத் திறனாலும் ஈடு செய்ய இயலாது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

8. விலகலும் மறதியும் மீட்பும்

1969இல் மானெக்‌ஷா மறைந்தார். 1970இல் ஹோமாய் தொழிலைக் கைவிட்டார். புதிய தலைமுறை ஒளிப்படக்காரர்களின் நடத்தை தமக்கு ஒவ்வவில்லை என்பதை அவர் காரணமாகக் கூறினார். ஒழுங்கான உடை, பிறரை இடித்துத் தள்ளாமை, படமாக்கப்படுவோரின் மதிப்பைக் காத்தல் ஆகியவற்றை அவர் தொழில் நெறிகளாகப் போற்றியவர். தெருவில் நிற்கும் உரிமையோடு தெருவில் நிற்கும் முறையும் இணைந்தது என்பது அவருடைய நிலைப்பாடு.

பின்னர் மகனுடன் ராஜஸ்தானின் பிலானியிலும், 1982 முதல் குஜராத்தின் வதோதராவிலும் வாழ்ந்தார். மகனின் மறைவுக்குப் பின்னர்த் தனித்தே வாழ்ந்தார். தோட்ட வேலை, தச்சு வேலை எனத் தம் கைகளாலேயே தேவைகளை நிறைவு செய்துகொண்டார். அவர் எடுத்த படங்கள் பாடநூல்களிலும் நாளிதழ்களிலும் நாட்டின் பொது நினைவாகப் பரவியிருந்தன; எடுத்தவரோ ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்தார்.

சபீனா கடிஹோக் 1998இல் உருவாக்கிய 'த்ரீ விமன் அண்ட் எ கேமரா' என்னும் ஆவணப்படமும், 2006இல் அவர் வெளியிட்ட விரிவான நூலும் ஹோமாயை மீண்டும் பொது அறிவுக்குக் கொண்டுவந்தன. ஹோமாயின் படத்தொகுப்பு அல்காசி அறக்கட்டளையின் பாதுகாப்பில் வைக்கப்பட்டது. 2010இல் தேசிய நவீன கலைக்கூடம் அவருடைய படைப்புகளின் மீள்பார்வைக் கண்காட்சியை நடத்தியது. 2011இல் இந்திய அரசு பத்ம விபூஷண் விருது வழங்கியது. 2012 ஜனவரி 15 அன்று, 98ஆம் வயதில், வதோதராவில் அவர் மறைந்தார். தொழிலை விட்டு நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த இப்பெருமை, ஓர் ஆய்வாளரின் தேடலும் நெகட்டிவ்கள் எஞ்சியிருந்ததும் இல்லாவிடில் கிடைத்திராது.

9. ஒப்பீடு: இருவேறு நாடுகள், ஒரே சிக்கல்

ஹோமாய் பிறந்த அதே 1913இல் நியூயார்க்கில் பிறந்தவர் ஹெலன் லெவிட். தெருவில் விளையாடும் சிறாரையும் வாயிற்படிகளில் அமர்ந்திருப்போரையும் அவர் படமாக்கினார். பக்கவாட்டில் காண உதவும் துணைக்கருவியைப் பொருத்தி, வேறெங்கோ நோக்குபவர் போல் நின்று எதிரிலுள்ளோரைப் படம் பிடித்தார். நேருக்கு நேர் நோக்காமல் காண்பதற்கான உத்தி அவருக்கும் தேவைப்பட்டது.

விவியன் மேயர் (1926–2009) மற்றொரு சான்று. சிகாகோவில் குழந்தை வளர்ப்புப் பணிப்பெண்ணாக வாழ்ந்த அவர், ரோலைஃபிளெக்ஸ் கருவியால் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை உருவாக்கினார். வாழ்நாளில் அவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவில்லை. வாடகை செலுத்தப்படாத சேமிப்பறைப் பொருள்கள் 2007இல் ஏலம் விடப்பட்டபோதுதான் அவை வெளியார் கைக்கு வந்தன. ஹோமாயின் படங்கள் எங்கும் காணப்பட்டன; பெயர் மறைந்தது. மேயரின் படங்களே மறைந்திருந்தன. வழிகள் வேறாயினும், எடுத்தவரையும் படத்தையும் இணைத்து வைக்கும் ஏற்பாடு இல்லாமையே இரண்டிற்கும் பொதுவான குறையாகும்.

இந்தியாவில் ஹோமாய்க்குப் பின் வந்தோருள் கேத்தகி சேத் பம்பாயின் தெருக்களையே தம் களமாகக் கொண்டார். அவருடைய தெருப் படங்கள் 2007இல் 'பாம்பே மிக்ஸ்' என்னும் நூலாக வெளிவந்தன. செய்தி நிகழ்ச்சி என்னும் காரணம் இல்லாமலேயே ஒரு பெண் தெருவில் நின்று படம் எடுத்ததும், அது அவருடைய பெயரிலேயே நூலானதும், ஹோமாயின் தலைமுறை தொடங்கிவைத்த பயணத்தின் அடுத்த நிலையாகும்.

10. தமிழகச் சூழலில் பொருத்தம்

பெருநகரக் கலைஞர் ஒருவரின் வரலாறு தமிழகச் சிற்றூர்களுக்கு எவ்வகையில் பயன்படும் என்னும் வினா எழலாம். அனந்தபுரம் போன்ற பேரூர்களிலும் விழுப்புரம், திண்டிவனம் போன்ற நகரங்களிலும் மக்களின் காட்சி வரலாற்றை உருவாக்கியவை ஒளிப்பட நிலையங்களே. திருமணம், காதணி விழா, தேரோட்டம், அரசியல் ஊர்வலம், இறப்பு என வாழ்வின் ஒவ்வொரு நிலையும் அந்நிலையங்களின் நெகட்டிவ்களில் பதிவாகியுள்ளது. எண்ணிம முறை வந்தபின் அந்நெகட்டிவ்கள் பயனற்றவையாகக் கருதப்பட்டுக் கழிக்கப்படும் நிலை உள்ளது. ஈரமும் வெப்பமும் மிகுந்த தட்பவெப்பத்தில் அவை பூஞ்சை படிந்து விரைவில் அழியக்கூடியவை.

நிலையத்தின் முத்திரை மட்டும் பொறிக்கப்பட்ட படங்களில் எடுத்தவர் யார், இருட்டறையில் கழுவியவர் யார், கறுப்பு வெள்ளைப் படத்திற்கு வண்ணம் தீட்டியவர் யார் என்பன தெரிவதில்லை. குடும்பத் தொழிலாக நடந்த நிலையங்களில் பெண்களின் உழைப்பு கலந்திருப்பினும், பெயர்ப்பலகை அதனைக் காட்டாது. நிலையத்தின் பெயரே படைப்பாளியின் பெயராகக் கொள்ளப்படும்போது, ஹோமாயின் தொடக்க காலப் படங்களுக்கு நேர்ந்ததே அப்படங்களுக்கும் நேர்கிறது.

தெருவிழாக்களும் இங்குக் கருதத்தக்கவை. விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் மயானக் கொள்ளை, பெண்கள் பெருந்திரளாகத் தெருவில் பங்கேற்கும் விழா. அருள் வந்து ஆடும் பெண்ணை நோக்கிப் பல கருவிகள் நீள்கின்றன. காணப்படுபவளாகப் பெண் மிகுதியாகவும், காண்பவளாகப் பெண் குறைவாகவும் இருக்கும் இடத்தில், படமாக்கப்படுபவரின் மதிப்பைக் காத்தல் என்னும் ஹோமாயின் நெறி இன்றும் தேவைப்படுகிறது.

இவற்றை எண்ணி, வட்டார ஒளிப்பட ஆவணங்களைத் தொகுக்க முற்படும் தமிழ்த்துறைகள் மூன்று நெறிகளைக் கைக்கொள்ளலாம். ஒன்று, படத்தின் பொருளோடு எடுத்தவர், உடன் உழைத்தவர் பெயர்களையும் வாய்மொழி வழியே கேட்டுப் பதிதல். இரண்டு, நெகட்டிவ் உடைமையாளரையும் படம் எடுத்தவரையும் தனித்தனியே குறித்தல். மூன்று, படமாக்கப்பட்டோரின் ஒப்புதலும் மதிப்பும் கருதியே படங்களைப் பொதுவெளிக்குக் கொண்டுவருதல்.

11. முடிவுரை

உலாவின் தெருவில் பெண் காண்பவளாக நின்றாள். அவள் கண்டதைப் பிறர் எழுதினர். ஹோமாய் வியாரவாலா கண்டதைத் தாமே பதிந்தார். ஆயினும் தொடக்கத்தில் பிறர் பெயரே அதன் கீழ் அச்சிடப்பட்டது. பார்க்கும் உரிமை, பதியும் உரிமை, பெயர் பெறும் உரிமை ஆகிய மூன்றும் ஒன்றாகக் கிடைப்பவையல்ல என்பதை அவருடைய வாழ்வு உணர்த்துகிறது. முதலிரண்டையும் அவர் தம் உழைப்பால் பெற்றார். மூன்றாவது முழுமையாகக் கிடைக்க அவர் தொண்ணூறு வயதைக் கடக்க வேண்டியிருந்தது.

ஹோமாயின் நெகட்டிவ்கள் எஞ்சியதனால் அவருடைய பெயர் மீண்டது. அவ்வாறு எஞ்சாத படங்களுக்குரிய பெயர்கள் எத்தனை என்பது ஆய்வுக்குரியது. அவ்வாய்வு தொடங்க வேண்டிய இடம் தொலைவில் இல்லை. மூடப்படும் நிலையிலுள்ள ஒவ்வோர் ஊர் ஒளிப்பட நிலையத்தின் பழைய அட்டைப் பெட்டியே அதன் முதற்களமாகும்.